ஒரு கை செல்லாது

அந்த மனிதரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் விரல்தான் ஞாபகம் வருகிறது. வலது கை ஆள்காட்டி விரல். எந்தக் காகிதத்தை எடுப்பதானாலும் அதை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டுதான் எடுப்பார். எடுத்ததை நம் கையில் தருவார். ஈரம் நம் விரலில் ஒட்டும். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். அவர் வந்துவிட்டுப் போனால் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவர் வேலையைத் தொடுவேன். ஒரு மனிதரை இப்படி அருவருக்கக் கூடாது என்று என் மனைவி சொல்வாள். அவள் அவர் கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை.

ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். எங்கள் பக்கம் மாஸ்டர் என்றால் ஒன்று டீ மாஸ்டர், இல்லாவிட்டால் பரோட்டா மாஸ்டர். இவர் கணக்கு டியூஷன் நடத்தினார். அவருக்கு ஒரு வார்த்தை உண்டு: 'செல்லாது.' கேரம் போர்டில் எதிராளி சிவப்புக் காயைப் போட்டால் செல்லாது, முழங்கை பலகையில் பட்டுவிட்டது. டியூஷன் பையன் சரியான விடையைக் குறுக்கு வழியில் கொண்டுவந்தால் செல்லாது. டீக்கடையில் நாலு பேர் நின்றால் அவரே முந்திக்கொண்டு, "எல்லாத்துக்கும் சர்க்கரை இல்லாம போடுங்க" என்பார். யாராவது "எனக்குச் சர்க்கரை வேணும் மாஸ்டர்" என்றால், "செல்லாது. ஒடம்புக்கு ஆகாது." அவர் டம்ளரில் மட்டும் சர்க்கரை இருக்கும். குடித்து முடித்ததும் அடியில் தங்கியதை அதே விரலால் வழித்து நக்குவார். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த மனிதர்தான் எங்கள் ஊருக்குப் பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதுவும் ஓர் ஆட்டத்தின் மூலம்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் பழகிய ஆட்டமாம். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார வேண்டும். ஆளுக்கொரு பாத்திரம். வேஷம் கட்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். "நான் வில்லாளி, கோட்டைக் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொல்ல, பகடை உருளும். விழுந்த எண்ணைப் பார்த்துக் கதவு உடைந்ததா இல்லையா என்று ஆட்டத்தை நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்வார். அந்த நாட்டில் அவர் சொன்னால்தான் மழை, அவர் சொன்னால்தான் வெயில். இப்படி ஓர் ஆட்டம் உலகத்தில் இல்லாதிருந்தால் இவரே உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார்.

அவர் கட்டிய கதையில் கோணாசுரன் என்று ஒரு மந்திரவாதி. அவன் சாபம் விட்டால் முகம் கோணும், கை தாழும், நாக்குக் குழறும். பயணம் போகிற வீரர்கள் வழியில் பார்க்கிறவர்களில் யாருக்குச் சாபம் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிரிக்கச் சொல்ல வேண்டும், இரண்டு கையையும் தூக்கச் சொல்ல வேண்டும், ஒரு வாக்கியம் பேசச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் உடனே நூற்றெட்டு மணி கட்டிய தேரைக் கூப்பிட வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். மணல் கடிகாரம் காலியாவதற்குள் வைத்தியர் கோட்டைக்குள் நுழைந்துவிட வேண்டும். நடுவழியில் ஒரு போலி வைத்தியன் புறா ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பான். பக்கவாதம் வந்த கையில் புறா ரத்தம் தேய்க்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. அவனிடம் நின்றவர்கள் தோற்றார்கள்.

பொய் சொல்லக் கூடாது, ஆட்டம் நன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். இங்குள்ள ஒரு சேவைச் சங்கம் இடம் பிடித்துக் கொடுத்தது. மருந்துக்கடைக்காரர் வருவார், பழக்கடைக்காரர் வருவார். மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அக்கா விடாமல் வருவார். அவருக்கு ஆட்டத்தில் மின்னல் ராணி என்று பெயர். அவராகவே வைத்துக்கொண்டது. "ஆபீஸ்ல கரண்ட் கட்டுன்னு தெனம் திட்டு வாங்குறேன். இங்கயாச்சும் ராணியா இருந்துட்டுப் போறேன்" என்பார்.

பகடையை மட்டும் மாஸ்டர் யார் கையிலும் தரமாட்டார். "ஒங்க கையில ஒழுங்கா உருளாது" என்று தானே உருட்டுவார். எண் அவருக்குப் பிடிக்கவில்லையென்றால், "செல்லாது, மேசை ஓரத்துல தட்டிருச்சு" என்று மறுபடி உருட்டுவார். பாத்திரங்களின் படமும் விதிகளும் போட்ட ஆட்டச் சீட்டுகளை நான்தான் அடித்துக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் லேமினேஷன் போட்டேன். அவர் கேட்கவில்லை. எச்சிலைத் துடைக்க வசதியாக இருக்குமே என்று என் செலவில் போட்டது.

அந்த ஆட்டத்தால் ஓர் உயிர் தப்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழக்கடைக்காரரின் அப்பாவுக்குக் காலையில் பல் விளக்கும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வீட்டில் காற்று பட்டிருக்கும் என்று விளக்கெண்ணெயைச் சூடுபடுத்தப் போனார்கள். பழக்கடைக்காரர், "எண்ணெயும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று கத்திவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டார். பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலால் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஊரே மாஸ்டரைப் புகழ்ந்தது. அவர் ஆப்பிளோடு பெரியவரைப் பார்க்கப் போனார். சங்கத்துக்காரர்கள் போட்டோ எடுக்கச் சொன்னதால் நானும் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்ததும் பழக்கடைக்காரரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"கை தூக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க மாஸ்டர். வாயப் பாத்ததுமே போன் போட்டுட்டேன்."

"அப்ப செல்லாது. முறைப்படி மூணையும் பாத்திருக்கணும்ல. ஒங்களுக்குப் பாதி மார்க்குதான்."

ஒரு சீட்டிலேயே, மூன்றில் ஒன்று பிசகினாலும் போதும் என்று நான் அவருக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் போட்டோ எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன். மாஸ்டர் தான் கொண்டுபோன ஆப்பிளில் ஒன்றைக் கடித்துக்கொண்டே இன்னும் என்னென்ன தப்பு என்று விளக்கினார்.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் சாபம் வாங்குகிற பாத்திரம் எல்லாமே அவர்தான். ஒரு வாரம் பூக்காரி, ஒரு வாரம் மகாராணி, ஒரு வாரம் படகோட்டியின் தாய். மாஸ்டர் மேசைமேல் நிறுத்திய அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் மணல் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். தன் முறை வந்ததும் இடது வாயோரத்தைத் தொங்கவிட்டு, இடது கையை மெல்லச் சரியவிட்டு, நாக்கைக் குழறிக் காட்டுவார். நடுவில் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ ஊற்றுவார். திரும்பவும் வந்து வாயைக் கோணிக்கொள்வார்.

சீட்டுக்குப் படம் வரைய அவர்தான் மாதிரி. மாஸ்டர் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். "இங்கிட்டு வா. தம்பிக்குச் செஞ்சு காட்டு." அந்த அக்கா உள்ளே வந்து, காயப்போட்டிருந்த இரண்டு கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நடுவில் நின்று வாயைக் கோணினார். நான் பென்சிலை எடுத்தேன். எனக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். "இன்னும் கோணு. இன்னும். பாக்குறவனுக்கு வயித்தப் பொரட்டணும்." வரைந்து முடித்ததும் அந்த அக்கா முகத்தை நேராக்கிக்கொண்டு படத்தைப் பார்த்து, "என்ன தம்பி, நெசமாவே நான் இம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்?" என்று வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா நாடகம் எதையும் விட்டதில்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு நடிப்பதற்குக் கிடைத்த இடம் இது ஒன்றுதான் என்று சொன்னார். மாஸ்டர், "போதும், வண்டியில ஏறு" என்றார்.

நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் அந்த விதி வந்தது. ஒருமுறை புதிதாக வந்திருந்த ஓர் அம்மா, மகாராணி சரிவதைப் பார்த்துப் பதறி நிஜமாகவே ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டார். அது மண்டப வாசலில் வந்து நின்றது. மாஸ்டருக்குப் பெரிய அவமானம். அடுத்த வாரம் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாராம். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது நிஜமாகவே ஏதாவது ஆனால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். உடனே ஆட்டம் நிற்கும். ஒரு கை தூக்கினால் அது நடிப்பு, யாரும் பதறக் கூடாது. "ஒரு கை செல்லாது" என்று கொட்டை எழுத்தில் ஒரு பேனரும் அடிக்கச் சொன்னார். அவசரத்துக்கு எழுதி அடித்துக் கொடுத்தேன். என் கையில் ஒரு நாளைக்கு நூறு வாசகம் போகும். எதையும் நான் நின்று படிப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவரங்குளத்திலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் சங்கத்துக்காரர்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். பிடித்துப்போனால் ஒவ்வோர் ஊரிலும் நடத்தலாம் என்று பேச்சு. நான் பெரிய பேனரைக் கட்டப் போனபோது டீ குடித்து முடித்திருந்தார்கள். நான் ஏணியில் ஏறிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன். கீழே மாஸ்டரின் குரல் கேட்டது. "ஒரு கை செல்லாது! அதுவும் பீச்சாங்கை!" கூடமே சிரித்தது. இடது கைக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர், விருந்தாளிகளுக்கு நல்ல வேடிக்கை. திரும்பிப் பார்த்தேன். அந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. மணல் கடிகாரம் தரையில் உருண்டிருந்தது.

மாஸ்டர் விருந்தாளிகள் பக்கம் திரும்பி விளக்கினார். "பாத்தீங்களா? இதுதான் ரெண்டாவது அறிகுறி. ஒரு கை தூக்க வரும், இன்னொண்ணு வராது."

மின்வாரிய அக்கா எழுந்தார். "மாஸ்டர், எப்பவும் எடது பக்கம்தானே கோணும். இன்னைக்கு வலது பக்கம் கோணியிருக்கு."

"ஒரு மாத்தத்துக்குப் பண்றா. ஒக்காருங்க, ஒங்க முறை வரல."

"எச்சி வழியுதுங்க."

"நல்லா நடிக்கிறா. ஒக்காருங்கன்னா! நீங்க இப்ப மலைக்கு அங்கிட்டு இருக்கீங்க. இங்கிட்டு வரணும்னா பகடை விழணும்."

பகடையை வேறு உருட்டினார் அந்த மனிதர். அது உருளும் சத்தம் ஏணியில் நின்ற எனக்குக் கேட்டது. விழுந்ததைப் பார்த்துவிட்டு, "செல்லாது. வர முடியாது" என்றார்.

"ஆட்டமாவது, மண்ணாவது!" மின்வாரிய அக்கா மேசையைத் தள்ளிக்கொண்டு போனார். அட்டைத் தடுப்பு சரிந்தது, சீட்டெல்லாம் தரையில் சிதறியது. அவர் அந்த அக்காவின் முன்னால் மண்டியிட்டு, "சிரிங்க, எங்க, சிரிச்சுக் காட்டுங்க" என்றார். சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது. நான் ஏணியிலிருந்து குதித்தேன். பழக்கடைக்காரர் அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தரையில் தவழ்ந்து சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விரலை வாயில் ஈரப்படுத்தி ஈரப்படுத்தி ஒவ்வொன்றாக எடுத்தார். "கலைச்சுட்டாங்களே, எல்லாத்தையும் கலைச்சுட்டாங்களே" என்று புலம்பினார்.

ஆம்புலன்சில் மாஸ்டரும் மின்வாரிய அக்காவும் ஏறினார்கள். நானும் பழக்கடைக்காரரும் பின்னாலேயே பைக்கில் போனோம். புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் முதலில் கேட்டது நேரத்தைத்தான். எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? அந்தக் கணக்கை வைத்துத்தான் ஊசி போடலாமா கூடாதா என்று முடிவு செய்வார்களாம். தப்பான கணக்கு சொன்னால் ஊசியே ஆபத்தாகப் போகலாம். மாஸ்டரின் ஆட்டத்தில் நாங்கள் எல்லோரும் படித்த பாடம்தான் இது.

"டீக்கு அப்புறம்தான் சார்" என்றார் மாஸ்டர். "டீ ஊத்தும்போது நல்லாத்தான் இருந்தா."

"பொய் சொல்லாதீங்க மாஸ்டர்." மின்வாரிய அக்கா குறுக்கே வந்தார். "இன்னைக்கு டீய நான்தான் ஊத்துனேன். அந்தக்கா எந்திரிக்கல. டீக்கு முன்னாடியே ஒருக்கக் கையத் தூக்குச்சு, நீங்க செல்லாதுன்னீங்க. நாங்களும் கேணச்சி மாதிரி சிரிச்சோம்."

"டாக்டர், இவங்க சொல்றத எடுத்துக்காதீங்க. ஆட்டத்தோட வெவரம் இவங்களுக்குத் தெரியாது."

டாக்டர் மாஸ்டரைப் பார்க்கவே இல்லை. "டீ எத்தனை மணிக்கும்மா வந்துச்சு?" என்று மின்வாரிய அக்காவிடம் கேட்டுக்கொண்டே ஸ்கேன் அறைப் பக்கம் நடந்தார்.

வெளியே மரத்தடியில் நின்றிருந்தபோது மின்வாரிய அக்கா ஒன்று சொன்னார். விதி சொன்ன அன்றைக்கே மாஸ்டரின் மனைவி எழுந்து கேட்டாராம்: "ஏங்க, நெசமாவே வந்துட்டா ஒரு கைதானே வெளங்கும்? ரெண்டையும் எப்படித் தூக்குறது?" மாஸ்டர் சிரித்துவிட்டு, "செல்லாத கேள்வியெல்லாம் கேக்காத. டீயப் போடு" என்றாராம். என் கையால் அடித்த பேனர் மண்டபத்தில் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் அதை இறக்கிக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

ஊசி போட்டார்கள். உயிர் தப்பியது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதோடு சரி. வலது கை திரும்பி வரவில்லை. கால் வந்தது. பேச்சு முழுதாக வரவில்லை.

இதற்குப் பிறகு அந்த ஆட்டம் நின்றுபோகும் என்று நினைத்தேன். எங்கள் ஊரைத் தெரியாதவன்தான் அப்படி நினைப்பான். மனைவிக்கே வந்தபோதும் தன் ஆட்டத்தில் பயிற்சி பெற்றவர்களே கண்டுபிடித்தார்கள் என்று மாஸ்டர் கூட்டத்தில் பேசினார். சங்கத்துக்காரர்கள் சால்வை போட்டார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மின்வாரிய அக்கா போவதை நிறுத்திக்கொண்டார். பழக்கடைக்காரர் மாஸ்டரிடம் பேச்சை விட்டார். மற்றவர்கள் போனார்கள்.

நாலைந்து மாதம் கழித்து அவர் என் கடைக்கு வந்தார். பழைய சீட்டுக்கட்டை மேசையில் வைத்து, விரலை நக்கி, ஒவ்வொன்றாகத் தள்ளி நான் வரைந்த அந்தப் படத்தை எடுத்தார்.

"தம்பி, இத மாத்தணும். இனி வரையவே வேணாம். வீட்டுலயே நெச முகம் இருக்கு. போட்டோ புடிச்சுப் போட்டுருவோம், தத்ரூபமா இருக்கும்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் வாசல் பக்கம் திரும்பி, "இங்கிட்டு வா" என்றார்.

அந்த அக்கா காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். தலை சீவி, பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டி மாஸ்டர் அவரைக் கூட்டிவந்திருந்தார். முன்பு நின்ற அதே இடத்தில், காயப்போட்டிருந்த பேனர்களுக்கு நடுவில் நின்றார். முகத்தின் ஒரு பக்கம் இப்போது யாரும் சொல்லாமலேயே தாழ்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மற்றொரு பக்கம் சிரித்தது. இடது கையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து எனக்கு வணக்கம் வைத்தார். நான் பதறி எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டேன்.

"வாங்கக்கா. ஒக்காருங்க."

மாஸ்டர் உச்சுக்கொட்டினார். "எத்தன தடவ சொல்றது? ஒரு கையில கும்புட்டா மரியாதையா? ரெண்டு கையும் சேரணும்." சீட்டை நனைத்த அந்த விரலோடு மனைவியின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். அது ஈரத்துணி போல வந்தது. அதைக் கொண்டுபோய் இடது உள்ளங்கையோடு ஒட்டவைத்து, "இப்படி. அப்படியே வச்சுக்க. தம்பி, எடு" என்றார்.

"கேமரா ரிப்பேர் சார்."

"காலையில எடுத்துக்கிட்டு இருந்தியே, பாத்தேனே."

"ஒங்களுக்கு ரிப்பேர்" என்றேன். "நான் இந்தப் படம் எடுக்கமாட்டேன். இனிமே ஒங்க சீட்டும் அடிக்கமாட்டேன். கௌம்புங்க."

அவர் நகரவில்லை. மனைவியின் கையைத் தூக்கிப் பிடித்தபடியே என்னை முறைத்தார். இப்படிப் பேசுவது செல்லாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பார். அந்த அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். தன் இடது கையை மெதுவாக விலக்கிக் கீழே இறக்கினார். முந்தானையை எடுத்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். நான் போட்ட நாற்காலியில் போய் உட்காரப் பார்த்தார். மாஸ்டர் விடவில்லை. "தூக்கு. ஏய், தூக்கு" என்றார்.

அந்த அக்கா தூக்கவில்லை. மாஸ்டரின் பிடியில் அந்த வலது கை மட்டும் தனியாக உயர்ந்தபடி நின்றது.